முப்பத்தொரு துண்டும் ஒரு சொல்லும்

என்னோடு சேர்ந்து எழுபதைத் தாண்டிவிட்டவர்களுக்கு இதை எழுதுகிறேன். இளையவர்கள் படித்தால், ஒரு துணித்துண்டுக்கு இத்தனை பாடா என்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். எட்டு வயதில் உங்களிடமும் எதையாவது ஒளித்து வைத்த ஒரு தகர டின் இருந்திருக்கும். என்னுடையதில் முப்பத்தொரு துண்டுகள் இருந்தன. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் போன மாதம் என் கையை விட்டுப் போய்விட்டது.

தொடங்கியது திகனவில் ஒரு கடையில். என் பேத்தி குண்டசாலையில் நேர்சரிக்குப் போகிறாள். படம் வெட்டி ஒட்டுவதற்கு நான்கு நிறத்தில் துணி கொண்டுவரச் சொல்லி ரீச்சர் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார். மகனுக்கு நேரமில்லை, மருமகளுக்கு வேலை. ஒரு நாளைக்கு ஏழு மருந்துக் குளிசை விழுங்குகிறவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? பஸ் ஏறினேன். ஒன்பது தரிப்பிடம். கடைக்குள் போக மூன்று படி.

"பெல்ட் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம? வாங்க ஐயா. இடுப்பு எத்தின இஞ்சி?" என்றார் கடைக்காரர்.

"எனக்கில்ல. பேத்திக்கு. அஞ்சு வயசு."

"சின்னப் புள்ளைக்கா? ஸ்கூலுக்குப் போடவா?"

"ஸ்கூலுக்குத்தான். நாலு நிறத்தில வேணும். பச்சை, சிவப்பு, மஞ்சள், மண்ணிறம்."

"நாலா! புள்ளைக்கு இடுப்பு ஒண்டு தானே ஐயா இருக்கும்?"

நான் இரண்டு விரலைக் கத்தரிக்கோல்போல ஆட்டிக் காட்டினேன். வெட்டி ஒட்டுகிற துணி, தடித்த துணி, என்றேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட, பெல்ட்டா! நீங்க பெல்ட்டெண்டு சொல்லவும் நான் பெல்ட்டாக்கும் எண்டு நெனச்சிட்டேன்!"

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.  கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன ஐயா? இந்தக் கதிரையில இரிங்க. பிரஷர் ஏதும் இரிக்கா?"

இருந்தேன். அவர் தந்த தண்ணீரைக் குடித்தேன். இப்போது அச்சில் எழுதும்போது அந்தத் துணிக்கு முன்னால் மூன்று புள்ளி வைத்து ஃபெல்ட் என்கிறார்கள். இடுப்பில் கட்டுகிறதற்கு வைப்பதில்லை. நம் வாய்க்கு அந்த மூன்று புள்ளி வராது. அறுபத்து மூன்று வருடத்துக்கு முன்பும் வரவில்லை.

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கிளாக்கராக இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மேலே தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா, கீழே தொழிலாளர்கள் இருக்கும் லயங்கள். லயத்துப் பிள்ளைகளோடு சேரக்கூடாது என்று அப்பா சொல்வார். பங்களாப் பிள்ளையோடு சேரக்கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுவில் நான் ஒருவன்.

ஒருநாள் அப்பாவோடு ஏதோ கடிதம் கொண்டுபோனபோது பங்களா விறாந்தையில் துரையின் மகள் விளையாடுவதைப் பார்த்தேன். மடியில் ஒரு பலகை, அதன்மேல் வழவழப்பில்லாத கறுப்புத் துணி. அதில் மாடு, வேலி, மரம், வாத்து என்று நிறநிறமான துணித்துண்டுகளை வைக்கிறாள். பசை இல்லை, ஊசி இல்லை. வைத்த இடத்தில் அப்படியே நிற்கின்றன. எடுத்தால் வருகின்றன. ஒரு மாட்டை அவள் வானத்தில் வைத்தாள். அதுவும் விழவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று அம்மா சொல்வார்.

துரையின் மகளைப் பார்த்துக்கொள்ள லயத்திலிருந்து ஒரு அக்கா போய்க்கொண்டிருந்தார். பதினேழு வயது. நான் எட்டிப் பார்த்த பார்வையை அவர்தான் கண்டிருக்கிறார். அடுத்த வாரம் பங்களாவின் பின்பக்கம், விறகு அடுக்குகிற கொட்டிலில், என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கால நீட்டி ஒக்காரு."

உட்கார்ந்தேன். தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து என் முழங்கால்மேல் விரித்தார். கொழுந்து பறிக்கிறவர்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் அந்தக் கறுப்புக் கம்பளி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. ஈரமும் அடுப்புப் புகையும் தேயிலைக் கறையும் சேர்ந்த மணம். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மண்ணிற நாயை எடுத்து அதன்மேல் வைத்தார். தட்டினார். கம்பளியைத் தூக்கிப் பிடித்தார். நாய் நின்றது.

"இது என்ன துணி அக்கா?"

"பெல்ட்டாம். தொரசாணி அப்படித்தான் சொல்லுது."

துரை குப்பையில் போட்ட பழைய தொப்பியை வெட்டியது அது. சீட்டு விளையாடும் மேசையிலிருந்து கிழித்துப் போட்ட பச்சைத் துணி இன்னொன்று. துரைசாணியின் பிய்ந்த சப்பாத்துக்குள் ஒட்டியிருந்த சிவப்பு மூன்றாவது. நான்கைந்து வாரத்தில் முப்பத்தொரு துண்டு சேர்ந்தது. மண்ணிறத்தில் பதினேழு: மனிதர்கள் நாலு, நாய் இரண்டு, குதிரை ஒன்று, சுவர், கூரை, கதவு என்று வீட்டுக்கு மூன்று, பறவை ஏழு. பச்சையில் பதினொன்று: மரம் ஐந்து, மலை மூன்று, தேயிலைச் செடி மூன்று. சிவப்பில் சூரியன் ஒன்று, பூ இரண்டு. இன்று காலை எத்தனை குளிசை விழுங்கினேன் என்பதில் சந்தேகம் வரும், இதில் வராது.

"இது குதிரையா அக்கா? ஆடு மாதிரி இருக்கு."

"குதிரதான். ஒடம்பு சரியில்லாத குதிர."

"வானம் ஏன் கறுப்பா இருக்கு? சூரியன் இருக்கே."

"கம்பளி கறுப்புன்னா வானமும் கறுப்புத்தான். நீ பெரிய கிளாக்கராயி நீலக் கம்பளி வாங்கிக் குடு, வானத்த மாத்திருவோம்."

எந்தப் படம் என்றாலும் அவர் முதலில் ஒரே துண்டைத்தான் எடுப்பார். நாலு மனிதர்களில் பெரியவர், தலைப்பாகையோடு வெட்டியது. "மொதல்ல எங்கப்பாவ ஒட்டு," என்பார். "அவரு நின்னாத்தான் மத்தது நிக்கும்." அக்காவின் அம்மா இறந்துவிட்டார். அப்பாவும் மகளும் மட்டும்.

வாரத்துக்கு இரண்டு முறை, ஏறத்தாழ நாலு மாதம். துண்டுகள் என் பிஸ்கட் டின்னில். கம்பளி அவர் தோளில். இரண்டும் சேர்ந்தால்தான் படம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "தொரையோட பெல்ட்டக் காணோமாம். பங்களாவையே பொரட்டிப் போட்டுட்டாங்க."

எனக்குப் புரையேறியது. தொப்பியைத் தேடத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"என்னடா? ஒனக்கு ஏதும் தெரியுமா?"

"அக்கா சும்மாதான் எடுத்தாங்க," என்றேன். "குப்பையில கெடந்ததத்தான் எடுத்தாங்க."

"எத?"

"பெல்ட்ட."

அப்பா பிசைந்த கையை அப்படியே தட்டில் வைத்தார். "குப்பையில கெடந்திச்சுன்னு இவன்கிட்டச் சொல்லியிருக்கா பாரு. எங்கடா இருக்கு இப்ப?"

டின் அலுமாரிக்குக் கீழே இருந்தது. அப்பாவின் கதிரையிலிருந்து ஐந்து அடி.

"தெரியாது," என்றேன். அன்று நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான்.

"சின்னப்புள்ள ஒளர்றான், விடுங்க," என்றார் அம்மா. அப்பா விடவில்லை. அப்பா நேர்மையானவர். கேள்விப்பட்டதை மேலே சொல்லாமல் இருப்பது அவருக்குத் திருட்டுக்குச் சமம்.

மறுநாள் காலை அப்பாவுக்குப் பின்னால் நானும் ஆபீசுக்குப் போனேன். படியின்மேல் துரை. கீழே அக்கா. பக்கத்தில் அவருடைய அப்பா, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. துரைக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தலையைக் குனிந்து, சொந்தக் கால்விரலைப் பார்த்துக்கொண்டு. அக்கா அப்படித்தான் நின்றார்.

துரைக்குத் தோட்டத் தமிழ் கொஞ்சம் வரும். "நீ பெல்ட் எடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு உள்ளங்கையாலும் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

நான் பார்த்தேன். என் அப்பா பார்த்தார். அக்கா தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தேங்க தொரை. கழிச்சுப் போட்டதுதானுங்களேன்னு எடுத்தேங்க."

"எங்கே?"

 எங்கே என்று அக்காவுக்குத் தெரியும். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. கடைசியில் சொன்னார்: "வெட்டிட்டேங்க. சின்னச் சின்னதா வெட்டிட்டேங்க."

துரையின் கழுத்து சிவந்தது. அது சீமையிலிருந்து வந்த தோல் பெல்ட். வெள்ளிக் கொக்கி வைத்தது. அக்காவுடைய அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

துரை இடுப்பைத் தட்டியபோதே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு பெல்ட். அங்கே நின்றவர்களில் அது தெரிந்தது எனக்கு மட்டும். வாயைத் திறந்தால் டின்னைத் திறக்க வேண்டும். டின்னைத் திறந்தால் முப்பத்தொன்றும் போய்விடும். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஐம்பது எண்ணுவதற்குள் துரை உள்ளே போய்விட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி எனக்கு நானே ஒரு சட்டம் போட்டேன்.

முப்பத்தெட்டில் போய்விட்டார்.

அப்பாவுக்கும் மகளுக்கும் பத்துச்சீட்டு கொடுத்தார்கள். தோட்டத்தை விட்டுப் போகச் சொல்லும் அந்தச் சீட்டை என் அப்பாதான் எழுதினார். மூன்றாம் நாள் அவர்கள் பாதையில் இறங்கிப் போனார்கள். முன்னால் அவர், பத்தடி பின்னால் அக்கா. கம்பளி சுருட்டி அக்காவின் தலையில் இருந்தது. அதற்குப் பிறகு துண்டுகளைப் பாயில் வைத்துப் பார்த்தேன், சுவரில் வைத்துப் பார்த்தேன், அம்மாவின் சேலையில் வைத்துப் பார்த்தேன். எதிலும் நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் டோபி வெளுத்த துணி கொண்டுவந்தான். துரையின் காற்சட்டை ஒன்றோடு பெல்ட்டும் வந்தது. கழற்றாமல் அழுக்கில் போட்டிருக்கிறார்கள். டோபி பத்திரமாக எடுத்து வைத்திருந்தான். அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். அப்பா பேசினார், வீட்டுக்குள்.

"அப்ப அவ எத வெட்டினா? எடுத்தேன்னு அவளே சொன்னாளே. எடுக்காதத எடுத்தேன்னு யாராவது சொல்லுவாங்களா?"

அன்று மாலை அம்மாவிடம் இதையே நாலு முறை கேட்டார். நாலு முறையும் நான் அறையில் இருந்தேன். அதற்குப் பிறகு அப்பா இருபத்தாறு வருடம் இருந்தார். சொல்லியிருக்கலாம்.

துண்டுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். கண்டியில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் வீட்டில் கறையான் பிடித்துப் போனது பதினான்கு. கலவரத்தின்போது ஓடியதில் பெட்டியோடு போனது ஒன்பது. ஏழுக்குக் கணக்குத் தெரியாது. அந்த ஏழுதான் என்னைத் தூங்கவிடாது. மிஞ்சியது தலைப்பாகைக்காரர் ஒருவர்.

அக்கா இருக்கும் இடம் எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்னார்கள், வத்தேகமவில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று. இந்த இரண்டு பஸ் தூரம் போக எனக்குப் பதினாறு வருடமாயிற்று. திகனக் கடைக்காரர் சிரித்திருக்காவிட்டால் இப்போதும் போயிருக்க மாட்டேன்.

மகள்தான் கதவைத் திறந்தார். "அம்மா, ஒங்களப் பாக்க யாரோ ஒரு ஐயா வந்திருக்காரு."

அக்கா ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். எண்பது வயது. முழங்கால்மேல் பூப்போட்ட மெல்லிய போர்வை. கண் நல்ல தெளிவு.

"கிளாக்கரய்யா மகன்," என்றேன்.

ஒரு நிமிடம் பார்த்தார். "தம்பியா! தலையில ஒரு முடி இல்லையே! சுருட்ட முடியில்ல இருந்திச்சு. எங்க வச்சிட்டு வந்தீங்க?"

நான் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துப் பிரித்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கியதும் அவருடைய விரல் அதன் ஓரத்தைத் தடவியது.

"எங்கப்பா," என்றார்.

அதை முழங்காலில் இருந்த போர்வைமேல் வைத்துத் தட்டினார். சறுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. "கம்பளி இல்ல இது. சீனாச் சாமான்," என்று சிரித்தார்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்தபடி சொல்லத் தொடங்கினேன். அன்று நான்தான் வீட்டில் சொன்னேன், நீங்கள் பெல்ட் எடுத்தீர்கள் என்று. டின் என்னிடம் இருந்தது. நான் பேசாமல் நின்றேன். 

"இதச் சொல்லவா ரெண்டு பஸ் ஏறி வந்தீங்க?" என்றார். "விடுங்க தம்பி. நீங்க புள்ள. ஒரு பழைய தொப்பிய வெட்டினதுக்கு ஊர விட்டு வெரட்டினானுங்க. அவனுங்கதான் பாவிங்க."

அங்கே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். தேத்தண்ணீரும் குடித்தாகிவிட்டது. மன்னிப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் என் புத்தி உங்களுக்குத் தெரியும். கணக்கு ஒன்று குறைந்தால் எனக்குப் பொறுக்காது.

"தொப்பிக்காக இல்லக்கா," என்றேன். "அவங்க கேட்டது பெல்ட்டு. இடுப்புல கட்டுற பெல்ட்டு."

சொல்லிக்கொண்டே இரண்டு உள்ளங்கையாலும் என் இடுப்பைத் தட்டிக் காட்டினேன். இந்த முறை அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக் கொக்கி வச்சிருந்திச்சே. அதா?"

"ஆமா. அது பொறகு கெடச்சிச்சு. டோபிகிட்ட இருந்திச்சு."

டோபியை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அத வெட்டிட்டேன்னா நான் சொன்னேன்?"

நான் தலையை ஆட்டினேன்.

"எங்கப்பா பக்கத்துல நின்னாரே தம்பி."

மகள் வாசலில் வந்து நின்றார். அக்கா போர்வையைப் பார்த்துக்கொண்டு பேசினார். என்னிடம் பேசியதுபோல இல்லை.

"இருவத்திரெண்டு வருஷம். என் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கல. பேச்சில்ல. நான் என்ன நெனச்சேன்? ஒரு தொப்பித் துண்டுக்காகப் பெத்த மகள ஒதுக்கி வைக்கிற மனுசன், இவரெல்லாம் ஒரு அப்பனான்னு நெனச்சேன். கேவலம் குப்பைக்காகன்னு நெனச்சேன். மேல் தோட்டத்துல சாகக் கெடக்கிறாருன்னு ஆள் விட்டாங்க. வாயில பால் ஊத்த வரச்சொன்னாங்க. போகமாட்டேன்னுட்டேன். போகல."

"அம்மா, விடுங்கம்மா," என்றார் மகள்.

"இவ்வளவு பெரிய களவுன்னுல்ல நெனச்சிருக்காரு. அப்ப அவரு கோவப்பட்டது சரிதானே?"

"மன்னிச்சிருங்கக்கா," என்றேன்.

"என்கிட்ட ஏன் கேக்கிறீங்க?" அவர் குரல் உயரவில்லை. "நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது. அவர்கிட்டப் போயிச் சொல்லுங்க."

அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டு அவர் கைக்குள் இருந்தது. நான் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை போனேன். மகனிடம் மருந்துக்கடைக்குப் போவதாகச் சொன்னேன். வத்தேகமவிலிருந்து ஒரு முச்சக்கர வண்டி பாதி மலை வரைக்கும் வந்தது; மீதியை நடந்தேன். எழுநூற்றுப் பன்னிரண்டு அடி, நாலு முறை நின்று. தேயிலை முடிகிற சரிவில் மேல் தோட்டத்து மயானம். ஆளுயரப் புல். மேடுகள் ஐம்பத்திரண்டு. பெயர் எழுதியவை ஒன்பது. அவருடையதில் பெயர் இருக்காது. எழுதுவதற்கு ஆள் இருக்கவில்லை. மிச்சம் நாற்பத்து மூன்று.

எது என்று தெரியாததால் முதல் மேட்டிலிருந்து தொடங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, சத்தமாகவே சொன்னேன்.

"ஐயா, ஒங்க மக பெல்ட்ட எடுக்கல. அவங்க எடுத்தது பெல்ட்டு."

என் காதில் அது விழுந்தது. மறுபடி சொன்னேன். மறுபடியும் அதேதான். மூன்று புள்ளியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். பொக்கை வாயில் காற்றுத்தான் வந்தது. இந்த மண்ணுக்குள் இருக்கிறவருக்கு இதைக் கேட்டு என்ன விளங்கும்? மகள் எடுத்தாள் என்று மறுபடி ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போகிறான் என்றுதான் விளங்கும்.

மழை பிடித்துக்கொண்டது. அங்கேயே நின்று யோசித்தேன். பிறகு சொல் வந்தது.

"தொப்பித் துணி," என்றேன். "ஒங்க மக எடுத்தது தொப்பித் துணி ஐயா."

நாற்பத்து மூன்று மேட்டிலும் சொன்னேன். புல் வழுக்கியது, இரண்டு இடத்தில் கையை ஊன்றி இறங்கினேன். விரலில் எண்ணிப் பார்த்தேன், ஆறு எழுத்து. எட்டு வயதில் எனக்குத் தொப்பி என்ற சொல் தெரியும். துணி என்ற சொல்லும் தெரியும். முப்பத்தெட்டு எண்ணுவதற்குள் அதை எத்தனை முறை சொல்லியிருக்கலாம்.